முதல் பெயர் மட்டும் ஏன்?

மூன்று பேர் சேர்ந்து எழுதிய நூலை மேற்கோள் காட்டும்போது முதல் ஆசிரியரின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மற்றும் பிறர்’ என்று போட்டால் போதும் என்கிறது அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. நடைக் கையேடு. 2009இல் வந்த ஆறாம் பதிப்பு இப்படிச் சொல்லவில்லை. ஐந்து ஆசிரியர்கள் வரை, முதல்முறை எல்லாப் பெயர்களையும் எழுதச் சொன்னது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு அதையும் எடுத்துவிட்டது. கடைசியில் வரும் நூற்பட்டியலில் 20 பெயர்கள் வரை இடம் உண்டுதான். ஆனால் வாசகர் படிப்பது கட்டுரையை. பட்டியலைப் புரட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

ஆய்வேடு எழுதும் மாணவர் “ஏன் இப்படி?” என்று நெறியாளரைக் கேட்டால், “கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது” என்ற பதில் வருகிறது. எந்த நூலையும் கேள்வி கேட்கலாம் என்று மாணவருக்குக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் இந்தப் பதில் எனக்குக் கவலை தருகிறது. பத்தே ஆண்டில் மனிதர்கள் கூடி மாற்றிய விதி அது. மாற்றியவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது: எழுதுவதற்கு எளிது. எளிது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடுமா?

முதலில் நிற்கும் பெயர் அதிகம் உழைத்தவருடையது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கணிதத்திலும் பொருளியலிலும் ஆசிரியர்களின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் அடுக்குகிறார்கள். அங்கே முதலிடம் உழைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2006இல் லிரான் ஐனாவ், லியாட் யாரிவ் ஆகிய இரு பொருளியலாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குடும்பப்பெயரின் முதலெழுத்து அகரவரிசையில் முன்னால் வருபவர்களுக்கு நிரந்தரப் பேராசிரியர் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அகரவரிசையைப் பின்பற்றாத உளவியல் துறைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. பிறந்த குடும்பத்தின் பெயர் ஒருவருக்கு மேலிடம் தருவதை ஊரில் எதிர்க்கிற நாம், அடிக்குறிப்பில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

“கருத்தைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது, பகுத்தறிவாளருக்குப் பெயர் எதற்கு?” என்று ஒரு மறுப்பு வரும். அப்படியானால் முதல் பெயரையும் அடித்துவிடுங்கள். அதை யாரும் செய்வதில்லை. சொன்னதற்குச் சான்று எங்கே, பிழை இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிவதற்காகவே பெயர் எழுதுகிறோம். பொறுப்பு மூவருடையது என்றால் மூவரும் தெரிய வேண்டும். ஹிக்ஸ் துகளின் நிறையை அறிவித்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அங்கே எல்லாப் பெயரையும் எழுத முடியாது, ஆய்வுக் குழுக்களின் பெயரைச் சொல்வதே நேர்மை. மூன்று பேர் எழுதிய நூலுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பெயர் விடுபடுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் கட்டுரையைப் பற்றி அறிய வேண்டும். புகழ் பெற்ற அறிவியலாளருக்கே மேலும் புகழ் சேர்கிறது, கூட உழைத்தவர்கள் மறைந்துபோகிறார்கள் என்று 1968இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார் அவர். விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியை நினைவூட்டி அதற்கு ‘மத்தேயு விளைவு’ என்று பெயரும் வைத்தார். அந்தக் கட்டுரை பெரிதும் நின்றது சக சமூகவியலாளர் ஹாரியட் சக்கர்மன் நோபல் பரிசாளர்களிடம் எடுத்த நேர்காணல்களின் மேல். இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை அது என்று மெர்ட்டனே பின்னாளில் எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் மேற்கோள்களில் நிற்பது மெர்ட்டன் பெயர்தான். அச்சில் ஒருமுறை விட்ட பெயரைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு கடினம்.

நம் பகுத்தறிவு மேடைகளுக்கு வருகிறேன். “வில் டூரண்ட் சொல்கிறார்” என்று பேசாத பேச்சாளர் குறைவு. அவர் பெயரைப் பரப்பிய வரலாற்று நூலான ‘நாகரிகத்தின் கதை’ 11 தொகுதிகள், 1935 முதல் 1975 வரை வந்தவை. நியூயார்க்கில், ஸ்பெயினின் சுதந்திரச் சிந்தனையாளர் பிரான்சிஸ்கோ ஃபெரரின் பெயரில் நடந்த பள்ளியில் வில் ஆசிரியர். அங்கே மாணவியாக இருந்தவர் ஏரியல். 1913இல் மணந்தார்கள். குறிப்புகளைத் திரட்டுவதிலும் வகைப்படுத்துவதிலும் ஏரியல் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஆனால் 1961இல் வெளிவந்த ஏழாம் தொகுதியில்தான் அவர் பெயர் ஆசிரியராக ஏறியது. 1968இல் பத்தாம் தொகுதிக்குக் கிடைத்த புலிட்சர் பரிசு இருவருக்கும் உரியது. இங்கே ஆசிரியர்கள் இரண்டே பேர். ‘மற்றும் பிறர்’ என்று சுருக்க எந்தக் கையேடும் சொல்லவில்லை. ஏரியலை விட்டவர்கள் நாம்தான்.

இதற்குத் திருத்தமாக 11 தொகுதிகளுக்கும் ஏரியல் பெயரைச் சேர்த்து எழுதலாமா? கூடாது. முதல் ஆறு தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் இல்லாத பெயரை ஆசிரியராகக் காட்டுவது பொய்ச் சான்று. அவற்றை மேற்கோள் காட்டும்போது வில் பெயரை எழுதுங்கள். ஏரியலின் உழைப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கென ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஏழாம் தொகுதி முதல் இருவர் பெயரையும் எழுதுங்கள், மேடையிலும் சொல்லுங்கள். கையேடு சுருக்கச் சொல்லும் நூல்களுக்கும் இதே வழி உண்டு: அடைப்புக்குறிக்குள் விதிப்படி எழுதிவிட்டு, நூலை அறிமுகப்படுத்தும் வாக்கியத்திலேயே அதை எழுதிய எல்லாருடைய பெயரையும் சொல்லிவிடலாம். இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் நெறியாளர் இருந்தால், எந்தக் காரணத்துக்காகக் குறைத்தார் என்று எழுத்தில் கேளுங்கள்.