கிடாவும் காவடியும் ஒரு சுண்டெலியும்

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் நோய் தீர நேர்ந்துகொள்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைத் தாண்டி மரத்தடியில் இருக்கும் முனியாண்டிக்குக் கிடாவோ சேவலோ கொடுப்பது. மற்றொன்று, தைப்பூசத்தன்று முருகனுக்குக் காவடி எடுப்பது. முதலாவதில் போவது ஒரு பிராணியின் உயிர். இரண்டாவதில் அலகு ஏறுவது நேர்ந்தவரின் சொந்த நாக்கில், சொந்த முதுகில்.

கிடாவை வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று பொருள். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பது அரிவாள் பிடித்தவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு உயிரை எடுக்குமுன் அதனிடம் கேட்க வேண்டும் என்ற கூச்சம் அந்தச் சடங்கில் ஒளிந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியிடம் யாரும் கேட்பதில்லை. முடக்குவாத மருந்துகளின் கதையில் அந்தச் சுண்டெலிக்குப் பெரிய இடம் இருக்கிறது. அதை அங்கே வைத்தது தர்மமா என்று கேட்கத் தோட்டத்து மக்களுக்கு மற்றவர்களைவிட அதிக உரிமை உண்டு. கையை நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலை பெரும்பாலும் காடுதான். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை பரவிய தேயிலையைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளியவர்களில் தமிழ்ப் பெண்களின் பங்கு பெரிது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இரண்டு இலை ஒரு குருத்தை ஒடிக்கும். கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிய வேண்டும். இன்று அந்தச் சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும்தான் அதிகம். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் அவற்றைப் பிடிக்கிறார்கள். கையால் கிள்ளிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

அந்தத் தலைமுறையின் மூட்டுவலியை எல்லாம் முடக்குவாதம் என்று சொல்லிவிடக் கூடாது. உழைப்பால் வருவது தேய்மானம். முடக்குவாதம் வேறு: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வை அந்நியமென்று எண்ணித் தாக்குவது. மலைக்குளிர் வலியைக் கூட்டலாம், நோயை உண்டாக்குவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. விரல்களின் அடிக்கணுவிலும் நடுக்கணுவிலும் இரு கைகளையும் ஒன்றாகப் பிடிக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன. பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்கு நேரமாகும் வேளையில் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல் மகளைக் கூப்பிடும் பெண்ணிடம் போய் அகிம்சையைப் பேசுவதானால், அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்.

இனி எலியின் பக்கம். இந்த ஆராய்ச்சியில் அதிகம் பயன்படுவது டிபிஏ/1 என்ற வகை, சாம்பல் கலந்த பழுப்பு நிறம். 1909இல் கிளாரன்ஸ் லிட்டில் என்ற அமெரிக்கர் உடன்பிறப்புகளையே இணைத்து இணைத்து உருவாக்கத் தொடங்கிய வம்சம் அது. ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். கொலாஜன் என்ற குருத்தெலும்புப் புரதத்தைச் செலுத்தினால் இவற்றுக்கு மூட்டுவாதம் வருகிறது என்பது 1980இல் வெளியானது. மாட்டின் அல்லது கோழியின் கொலாஜனை எண்ணெயிலும் கொன்ற காசநோய்க் கிருமியிலும் குழைத்து வாலின் அடியில் ஊசி போடுவார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒன்று. சில நாளில் ஒரு விரல் சிவக்கும், பிறகு பாதம் முழுதும் உப்பும். ஒவ்வொரு பாதத்துக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். நான்கு பாதத்துக்கும் சேர்த்து உச்சம் 16. பாதத்தின் கனத்தை மில்லிமீட்டரின் பின்னம் வரை அளந்து எழுதுவார்கள். வலி மாத்திரை வீக்கத்தையும் குறைத்துச் சோதனையைக் குழப்பிவிடும் என்பதால் பல ஆய்வுகளில் அதைக் கொடுப்பதில்லை. முடிவில் எலியைக் கொன்று மூட்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

இவ்வளவும் வீண் என்று சொன்னால் அது பொய். லண்டன் கென்னடி ஆய்வு நிலையத்தில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் டிஎன்எஃப் என்ற மூலக்கூறே வீக்கத்தின் தலைவாசல் என்று சந்தேகித்தார்கள். ஏதென்ஸில் ஜார்ஜ் கொல்லியாஸின் குழு மனித டிஎன்எஃப் மிகையாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்குத் தானாகவே மூட்டுவாதம் வந்ததை 1991இல் காட்டியது. அடுத்த ஆண்டு லண்டனில் ரிச்சர்ட் வில்லியம்ஸ், பாதம் வீங்கிய எலிகளுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்து வீக்கம் தணிவதைப் பதிவு செய்தார். அதே 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு ஊசி போடப்பட்டது. படுக்கையை விட்டு எழச் சிரமப்பட்டவர்கள் படியேறினார்கள். அந்த மருந்தான இன்ஃப்ளிக்சிமாபின் மூலக்கூறில் ஏறக்குறைய கால்பங்கு எலியின் புரதமே. அதை ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் எலியின் கூறு சில வாரங்கள் ஓடுகிறது.

தமிழ் மரபு இதற்கு என்ன சொல்லும்? கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் வைத்த திருக்குறள் நம்முடையது. அதோடு நிறுத்திக்கொண்டால் விடை சுலபம். ஆனால் உயிர்களுக்கு நேரும் துன்பங்களை வள்ளலார் வகைப்படுத்தும்போது கொலையும் பிணியும் ஒரே வரிசையில் வருகின்றன. இரண்டையும் நீக்குவது ஜீவகாருண்யம். வடலூரில் 1867இல் தருமச்சாலை அடுப்பை மூட்டியவர், பசித்தவனிடம் தத்துவம் பேசியவரல்ல. பெண்ணின் பிணியும் எலியின் கொலையும் எதிரெதிரே நிற்கும்போது, அவரைப் படித்தவருக்கு எந்தப் பக்கத்தையும் கைகழுவ வழியில்லை.

இந்த இக்கட்டுக்கு மிக நெருங்கி வரும் கதை சிபியுடையது. சோழர் தம் முன்னோன் என்று உரிமை கொண்டாடிய மன்னன். புறாவைக் காப்பாற்றியதும் பருந்து கேட்கிறது: என் பசிக்கு என்ன வழி? அந்தக் கேள்வி நியாயமானது. மன்னனும் அதை மறுக்கவில்லை. அரண்மனைத் தொழுவத்தில் ஆடு இல்லாமலா இருந்திருக்கும்? ஒன்றை இழுத்துவரச் சொல்லியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். தராசில் தன் தொடைச் சதையை வைத்தான், போதாமல் தானே ஏறி உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்தவரின் துன்பத்தைத் தீர்க்க, தனக்குத் தெரியாத மூன்றாவது உயிரைத் தராசில் வைக்கக் கூடாது என்பதே அந்தக் கதையின் முள். ஆய்வுக்கூடம் வைப்பது அந்த மூன்றாவது உயிரைத்தான்.

ஆனால் சிபி அரசன். தன் உடல் தன் வசம் இருந்தது. ரிங்லெட்டில் விரல் மடங்கிய பாட்டியை ‘நீயும் சிபியாக இரு, ஊசி வேண்டாம் என்று சொல்’ என்று கேட்பது கொடுமை. பாவக் கணக்கை நோயாளியின் தலையில் எழுத முடியாது. அது ஆராய்ச்சியை வகுப்பவரிடமும் அதற்குப் பணமும் அனுமதியும் தருபவரிடமும் போய்ச் சேர வேண்டியது.

அவர்களிடம் கேட்க வேண்டியது, காவடி வழி இருக்கும்போது கிடா வழிக்குப் போனீர்களா என்பதே. ஏனென்றால் இந்த நோயின் வரலாற்றில் காவடி எடுத்த மனிதர்கள் நிறையப் பேர். டிஎன்எஃப் பற்றிய முதல் துப்பு எலியிலிருந்து வரவில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த நோயாளிகளின் மூட்டுச் சவ்வைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்துத்தான் 1989இல் அது கிடைத்தது. இன்றும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதித்தரும் மெத்தோட்ரெக்சேட்டும் பாதம் வீங்கிய எலியிலிருந்து பிறந்ததல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவான புற்றுநோய் மருந்துகளின் குடும்பம் அது. அக்குடும்பத்தின் அமினோப்டெரினை 1951இல் கப்னர் என்ற மருத்துவர் முடக்குவாத நோயாளிகளுக்கே கொடுத்துப் பலன் கண்டார். மலேசியாவில் 2005இல் தொடங்கிய மைஐரா ஆய்வு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்காவும் சேர்ந்து நடத்தியது. மலாய், சீன, இந்திய நோயாளிகள் இரத்தம் கொடுத்தார்கள், வேலை விவரம் சொன்னார்கள். துணித்தூசியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது என்ற முடிவு அவர்களிடமிருந்து வந்தது. எந்த எலியும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

காவடி வழியில் ஆபத்தும் உண்டு. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளை ஏற்றிக்கொண்ட ஆறு இளைஞர்கள் சில மணி நேரத்துக்குள் உறுப்புகள் செயலிழந்து தீவிரச் சிகிச்சைக்குப் போனார்கள். முடக்குவாதத்துக்கும் உதவும் என்று நம்பப்பட்ட மருந்து அது. குரங்குகளிடம் அது பாதுகாப்பாகவே இருந்தது. விலங்கைப் பலி கொடுத்ததும் மனிதனைக் காப்பாற்றவில்லை என்பதுதான் அந்த நிகழ்ச்சியில் உறுத்துவது.

எலியும் அடிக்கடி வழி தப்பச் செய்கிறது. பி38 என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் வீக்கத்தை அழகாகத் தணித்தன, நோயாளிகளிடம் தோற்றன. கொலாஜன் எலிக்கு வரும் நோய் சில வாரத்தில் தானே அடங்குகிறது. பெண்ணுக்கோ அது ஆயுளுக்கும். பெண்களை அதிகம் தாக்கும் நோயை ஆராய, பெரும்பாலான கூடங்கள் ஆண் எலிகளை எடுத்துக்கொள்கின்றன, அவற்றுக்கு நோய் சீராக வருகிறது என்பதற்காக. இங்கேதான் அறக்கேள்வியும் அறிவியல் கேள்வியும் ஒன்றாகின்றன. பதில் சொல்ல முடியாத எலியைத் துன்புறுத்துவதற்கு எந்தத் தர்மத்திலும் இடமில்லை.

சட்டம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்தியாவின் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. அந்தச் சட்டமும் ஆராய்ச்சிக்குக் கதவைத் திறந்தே வைத்தது, கண்காணிக்க ஒரு குழுவுக்கும் இடம் தந்தது. மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டம் ஆய்வுக்கூட விலங்குகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி விலங்கு நலச் சட்டத்திலோ, ஆராய்ச்சிக்கென்று வளர்க்கும் சுண்டெலி ‘விலங்கு’ என்ற கணக்கிலேயே வராது. விநாயகரின் காலடியில் மூஞ்சூறைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது திகைப்பைத் தரலாம்.

ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஆய்வு விலங்குகளுக்கு நினைவு வழிபாடு நடத்துகின்றன. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் டிஎன்ஏ இழையைப் பின்னும் எலிக்கு 2013இல் சிலை வைத்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் பூப்போடுவதால் அடுத்த எலியின் வலி குறையாது. குறைக்கும் வழியை (போ தோட்டத்தவர் அல்லாத) வேறொரு ரஸ்ஸலும் பர்ச்சும் என்ற ஆய்வாளர்கள் 1959லேயே எழுதிவிட்டார்கள்: மாற்று இருந்தால் எலியை எடுக்காதே, எடுத்தால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாக விலக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஏப்ரலில் அறிவித்தது. இன்ஃப்ளிக்சிமாப் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

அந்த விலக்கு முழுதாக வரும்வரை இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோற்றுப்போன எலிச் சோதனைகளில் பல அச்சேறுவதில்லை. வென்றது மட்டும் இதழில் வருகிறது. அனுமதி தரும் குழுக்கள் முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். இல்லாவிட்டால் கோலாலம்பூரில் தோற்ற கேள்வியையே அறியாமல் சென்னையில் இன்னொரு குழு கேட்கும், இன்னொரு கூண்டு எலிகளின் பாதங்கள் அதற்காக வீங்கும்.