முத்திரைத்தாளில் ஒரு மேய்ப்புப்பணி

வடஇத்தாலியின் தூரின் நகரில் 1841ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, கைவிடப்பட்ட இளைஞர்களின் ஆன்மிகப் புதுவாழ்வுக்கு மேற்கொண்ட வழி ‘முன்தடுப்பு முறை’ எனப்படுகிறது. அதாவது, தவறு நேர்ந்தபின் தண்டிப்பதை விடுத்து, நேராதவாறு உடனிருந்து பார்த்துக்கொள்வதும், அறிவுக்கு எட்டும் விளக்கம், சமயம், கனிவு ஆகிய மூன்றின்மீது வளர்ப்பை நிலைநிறுத்துவதுமாகும். அவர் சிறைகளுக்குச் சென்றுவந்த காலத்தில், விடுதலையான பையன்கள் வெளியே ஆதரவின்றி மீண்டும் உள்ளே வருவதைக் கண்டதே இதற்கு வித்து. 1846இல் அந்நகரின் வால்தோக்கோ பகுதியில் தாழ்வான கொட்டகையொன்றில் நிலைகொண்ட அவரது ‘ஒரட்டோரியோ’, சொல்லளவில் செபக்கூடம் என்று பொருள்பட்டாலும், திருப்பலி, மறைக்கல்வி, எழுத்தறிவு, விளையாட்டு (கூச்சலும் சேர்த்துத்தான்) அனைத்தும் ஒன்றாக நடந்த இடமாகும்.

எனினும் அவருடைய பக்திநூல்களைவிட, 1852 பிப்ரவரியில் ஒரு பையனுக்காக ஒரு தச்சரோடு முத்திரைத்தாளில் செய்துகொண்ட தொழிற்பயிற்சி ஒப்பந்தம் அவரது ஆன்மிகத்தை நன்கு காட்டுகிறது எனலாம். பையனை வாய்ச்சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைகளில் ஏவக் கூடாது. திருநாள்களில் ஓய்வு தர வேண்டும் என்பன அதிலுள்ள நிபந்தனைகள். பையனின் நடத்தைக்குப் பொறுப்பேற்று அவரும் அதில் கையொப்பமிட்டார். ஞாயிறன்று மறைக்கல்வி கற்பித்தவர், வாரநாள்களில் பட்டறைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் நேரில் சென்று, சிறுவரையும் அவர்களை வேலைக்கு வைத்திருந்தவரையும் விசாரித்துவந்தார்.