பூப்போட்டுக் கேட்பதற்கு முன்

புதிதாகக் கடை வைக்க நினைப்பவர் சன்னதியில் பூப்போட்டுக் கேட்பது நம் ஊர்களில் இன்றும் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். மனத்தில் நினைத்த நிறம் வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. பிறகு ஜோசியர் நாள் குறிப்பார், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப்படும். நடுவில் யாராவது, "அந்தத் தெருவில் இந்தச் சரக்கை வாங்க ஆள் இருக்கிறதா, விசாரித்தீர்களா?" என்று கேட்டால், சாமியே உத்தரவு கொடுத்த பிறகு விசாரணை எதற்கு என்று பதில் வரும். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் நேர்மையான ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாம் அவன் செயல் என்று நம்புகிறவர் லாப நஷ்டத்தைத் துருவித் துருவி விசாரித்தால், அது நம்பிக்கைக் குறைவாகுமா? ஆகாது என்பேன். இன்னும் ஒரு படி மேலே போய், விசாரிக்காமல் இறங்குவதே சமய நோக்கில் பிழை என்றும் சொல்வேன்.

பலனில் பற்று வைக்காமல் செயலாற்றச் சொல்லும் கீதையைத்தான் இந்த இடத்தில் பலரும் துணைக்கு அழைக்கிறார்கள். அதே கீதை 18ஆம் அத்தியாயத்தில் செயல்களை மூன்று குணங்களின்படி பிரிக்கிறது. அதன் 25ஆம் சுலோகம் கடைசி வகையான தாமசத்தை விளக்குகிறது: பின்விளைவையும், இழப்பையும், பிறருக்கு நேரும் துன்பத்தையும், தன் சக்தியையும் பாராமல் மயக்கத்தில் தொடங்கப்படும் செயல். பலனில் பற்றை விடுவதும் பலனைப் பார்க்க மறுப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பற்றை விட்டவரால்தான் நஷ்டக் கணக்கைப் பதறாமல் பார்க்க முடியும். ஆசை முற்றியவருக்குத்தான் அந்தக் கணக்கு கசக்கும். வள்ளுவர் ஊழை 38ஆம் அதிகாரத்தில் வைத்து, அதைவிட வலியது இல்லை என்கிறார். ஆனால் பொருட்பாலுக்குள் நுழைந்ததும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைக்கிறார். வரப்போகும் லாபத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்பதும் அங்கேதான் வருகிறது. ஊழ் இருப்பதால் ஆராய்வது வீண் என்று அவர் கருதியிருந்தால் இந்த 40 குறளுக்கு வேலையே இல்லை. மற்ற சமயங்களிலும் இதே பாடம்தான். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுகிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழி திர்மிதி தொகுப்பில் இருக்கிறது.

விசாரணை என்பது எப்படிப்பட்ட வேலை என்று பார்த்தால் இதன் அறம் இன்னும் துலங்கும். மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்க ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும், மீதி புண்ணாக்கு. ஆகவே பருப்பின் மொத்த விலையும், அந்தப் புண்ணாக்கை எந்த மாட்டுக்காரர் என்ன விலைக்கு எடுப்பார் என்பதும் தெரியாமல் எண்ணெய்க்கு விலை வைக்க முடியாது. இதெல்லாம் இரண்டு நாள் அலைந்தால் தெரிந்துவிடும். கடினமானது அடுத்த கட்டம். "செக்கு எண்ணெய் போடப்போகிறேன், வாங்குவீர்களா?" என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வாங்குவோம் என்பார்கள், முகதாட்சண்யம் அப்படி. "போன மாதம் என்ன எண்ணெய் வாங்கினீர்கள், எத்தனை லிட்டர், எங்கே?" என்று கேட்டால்தான் பாமாயிலும் பாக்கெட் எண்ணெயும் வெளியே வரும். முதல் கேள்வி பிறரைப் பொய் சொல்லத் தூண்டுகிறது. இரண்டாவது, உண்மையைச் சொல்ல வழிவிடுகிறது. ஓடுகிற கடையைப் பார்த்து மகிழ்பவர், அதே தொழிலில் ஷட்டரை இறக்கியவரைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். தனக்குப் பிடிக்காத பதிலைத் தேடிப் போவது சாதாரணக் காரியமில்லை. வாய்மையை நோன்பாகக் கொள்கிறவர் செய்யும் பயிற்சி அது.

எவ்வளவு விசாரித்தாலும் நாளை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்பது நியாயமான மறுப்பு. அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் எழுதிய நூலில், கணக்கிடக்கூடிய ஆபத்தையும் கணக்குக்கே அடங்காத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். தொழில் முனைவோரின் லாபம் இரண்டாவதைத் தாங்குவதிலிருந்தே பிறக்கிறது என்றார். மழை பொய்த்துப் பருப்பு விலை ஏறுவதும், எதிர்வாடையில் பெரிய கடை திறப்பதும், உடம்பு படுத்துக்கொள்வதும் அந்தப் பக்கத்தில் இருப்பவை. இறைவனிடம் ஒப்படைக்க வேண்டியவை அவைதாம், அங்கே பிரார்த்தனைக்கு முழு இடமும் இருக்கிறது. ஆனால் புண்ணாக்கு விலையை அங்கே கொண்டுபோய் ஒப்படைப்பது சரணாகதி ஆகாது. விசாரித்துக்கொண்டே இருந்தால் துணிச்சல் போய்விடும் என்பார்கள். போகும்தான், ஆகவே விசாரணைக்கு ஒரு கெடு வேண்டும். வள்ளுவரும் எண்ணுவதோடு நிற்கவில்லை, எண்ணிய பின் துணியத்தான் சொல்கிறார்.

இருப்பதிலேயே கனமான மறுப்பு ஏழையிடமிருந்து வருகிறது. வேலை போனவருக்கு, கணவனை இழந்தவருக்கு, ஆராய நேரமேது? அடுப்பு எரிய நாளைக்கே இட்லிக் கடை போட்டாக வேண்டும். அந்த அவசரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வசதியுள்ளவர் ஒரு லட்சத்தை இழந்தால் அது படிப்பினை; ஏழை இழந்தால் அது வீட்டையே சாய்த்துவிடும். மேலும் அந்தப் பணம் பெரும்பாலும் அவருடையது மட்டுமில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. மகளிர் குழுக் கடனாக இருந்தால் ஒருவர் கட்டத் தவறிய தவணையைக் கூட இருக்கும் பெண்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்டுகிறார்கள். பிறருக்கு நேரும் துன்பத்தையும் எண்ணச் சொல்லும் அந்தக் கீதைச் சுலோகம் இவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆகவே பூப்போட்டுக் கேளுங்கள், நல்ல நாளும் பாருங்கள். அதற்கு முன், அடகுக்குப் போகும் நகை யாருடையதோ அவரை உட்காரவைத்து, முதல், வாடகை, மாத விற்பனை, கடை ஓடாவிட்டால் கடனை அடைக்கும் வழி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.