நாற்பது கஜம்

என் சிநேகிதர் ஒருவருக்கு வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பிறவியில் வந்ததல்ல. முப்பது வருஷ காலம் பத்திரிகைகளுக்காக விளையாட்டுப் படம் எடுத்ததில் வந்தது. அவர் சுமந்து திரிந்த டெலிபோட்டோ லென்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சின்னப் பீரங்கியைக் காமிராவின் முன்னால் மாட்டியது போல இருக்கும். நாலு கிலோவுக்குக் குறையாது. கையில் பிடித்துக்கொண்டு குறி பார்க்க முடியாது என்பதால், அடியில் ஒற்றைக்கால் தாங்கி ஒன்றை முட்டுக் கொடுத்திருப்பார். மேலே வெள்ளை வர்ணம். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். வெயிலில் சூடேறி உள்ளே உள்ள கண்ணாடியைக் கெடுத்துவிடாமல் இருப்பதற்காகவாம்.

மனிதன் கண்ணால் காண்கிற அளவிலேயே ஒரு காட்சியைப் படம் பிடிக்க 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு. சிநேகிதருடையது 600. அதாவது 12 மடங்கு. 40 கஜத்துக்கு அப்பால் நிற்கிற ஆசாமி, நம் வீட்டுத் திண்ணையின் மறு கோடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவரைப் போல மூன்று கஜத்துக்கு வந்துவிடுகிறார். அவர் நெற்றி வியர்வையை எண்ணலாம். அவருக்கோ, தம்மை ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பதே தெரியாது.

இந்தக் கடைசி விஷயந்தான் எனக்கு வெகு நாளாக உறுத்தல். ஒருவருக்குத் தெரியாமல் அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க நமக்கு என்ன பாத்தியதை? சிநேகிதரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஸார், மைதானத்துக்குள்ளே நான் போக முடியுமா? கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும். ஆடுகிறவன் அறுபது எழுபது கஜத்தில் இருக்கிறான். ஜல்லிக்கட்டில் கிட்டப் போனால் மாடு என்னைப் படம் எடுத்துவிடும். தூர நின்று எடுப்பது திருட்டல்ல, மரியாதை. ஆடுகிறவனை நான் தொந்தரவு செய்வதில்லை."

நியாயமான பேச்சுத்தான். 1936-ல் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது ஜெர்மனியின் ஸெய்ஸ் கம்பெனியார் 180 மில்லிமீட்டரில் ஒரு லென்ஸ் செய்தார்கள். ஒலிம்பியா என்ற பெயரே அதற்கு நிலைத்தது. அன்றிலிருந்து லென்ஸ் நீண்டுகொண்டே போவதற்குக் காரணம், ஆட்டக்காரனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக்கூடாது என்பதுதான். 2023 ஆகஸ்டில் எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் ஆசியச் சாம்பியன் கோப்பைப் போட்டி நடந்தபோது, அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம் மலேசியாவுக்கு எதிராகக் கோல் போட்டார். சிநேகிதர் அதைப் படம் எடுத்து எனக்குக் காட்டினார். அந்தப் பிள்ளையின் வாய் திறந்து, கண் இடுங்கி, உலகத்தையே வாங்கிவிட்டவன்போல் இருந்த முகத்தைப் பார்த்து நானும் என் மனைவியும் ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டோம். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுத்தது நீண்ட லென்ஸ். இதை நான் மறுக்கவில்லை.

அந்தப் படத்தின் தூண்டுதலால்தான் சிநேகிதருக்கு அரியலூர்ப் பக்கம் போய்ப் பையன்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்தது. ஒரு பொங்கல் கழிந்த வாரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். விக்கிரமங்கலத்தில் சடுகுடுப் போட்டி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

விக்கிரமங்கலம் என்றால் பெயரிலேயே சோழர் வாசனை அடிக்கிற ஊர். பக்கத்தில் ஸ்ரீபுரந்தான். வழியெல்லாம் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பூமி கடலாக இருந்ததாம். அந்தக் கடல் ஜந்துக்களின் ஓடுதான் இன்று கல்லாகி, வெட்டிச் சுட்டால் சுண்ணாம்பாகிறது. இந்த ஜில்லாவில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் எங்கள் விவாதம் தொடர்ந்தது. ஸ்ரீபுரந்தான் பெயர்ப் பலகை கண்ணில் பட்டதும் சிநேகிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படம் என்றால் உமக்கு இளப்பம். இந்த ஊர் நடராஜர் எப்படித் திரும்பி வந்தார், தெரியுமா?" என்றார்.

தெரியும். கோயிலிலிருந்து களவு போன அந்தச் சோழர் காலத்து நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று நிரூபிக்க உதவியவை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்தபோது சுவாமியைக் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தார். சிநேகிதர் சொன்னது சரி. படம் இல்லாவிட்டால் நடராஜர் இன்னும் கான்பெராவிலேயே நின்றிருக்கலாம்.

"ஆனால் அந்தப் படம் எடுத்தவர் சுவாமிக்கு எதிரே நின்று எடுத்தார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்தும் வைத்தார். அதனால்தான் அது சாட்சி சொல்லிற்று" என்றேன். பஸ் குலுக்கலில் அவர் பதில் சொல்லவில்லை. அல்லது சொன்னது என் காதில் விழவில்லை.

சடுகுடு நடந்த இடம் ஊருக்கு வெளியே ஒரு கட்டாந்தரை. மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் பட்டையாகக் கோடு போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி அலறிற்று. சிநேகிதர் கூட்டத்துக்குள் போகவில்லை. 40 கஜம் தள்ளி ஒரு மேட்டில் ஒற்றைக்காலை ஊன்றினார். மத்தியானம் கானல் ஆடிற்று; கானல் ஆடினால் நீண்ட லென்ஸில் முகமெல்லாம் தண்ணீரில் விழுந்த நிழல்போல் நெளியும் என்று வெயில் தாழும்வரை காத்திருந்தார். நாலு மணிக்கு மேல் அவர் பூனையாகிவிட்டார். எலி வளையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம். ஒரு புள்ளி வித்தியாசம். பதினேழு பதினெட்டு வயதிருக்கும் ஒரு பையன் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நாலு பேர் அவன் இடுப்பிலும் காலிலும் விழுந்தார்கள். அந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நீந்தினான் பாருங்கள், அப்படி ஒரு காட்சி! புழுதி எழும்பிற்று. நடுவர் விசில் ஊதிக் கையை அசைத்தார். கோட்டைத் தொடவில்லையாம். எதிர்க் கட்சி குதித்தது. பையன் மட்டும் மண்டியிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, பிறகு ஒரு கையை ஆகாயத்தில் நீட்டினான். கன்னமெல்லாம் கண்ணீர்.

சிநேகிதரின் காமிரா படபடவென்று அடித்துக்கொண்டது. "ஸார், இதைப் பாருங்கள்" என்று பின்பக்கத்துச் சின்னத் திரையைக் காட்டினார். பார்த்தேன். தோல்வி என்பதற்கு உருவம் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். நனைந்த இமையும், நடுங்கும் உதடும், ஏதோ தெய்வத்திடம் நியாயம் கேட்பதுபோல் மேலே எழுந்த முழங்கையும்... "கிரேக்க நாடகம்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். மனசுக்குள் ஒரு கதைக்கு முதல் வாக்கியம்கூட ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி, கூடையைப் போட்டது போட்டபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கசக்காதடா தம்பி, கசக்காத! சுண்ணாம்புடா!"

நாங்கள் 40 கஜத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, அவள் பையனின் தலையைத் தன் மடியில் சாய்த்துக் கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. யாரோ விளக்கெண்ணெய் என்றார்கள். தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அவரை அதட்டி, இன்னும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் செய்ததுதான் சரி. கண்ணில் விழுந்த சுண்ணாம்பு மண் தூசியைப் போன்றதல்ல. உள்ளே தின்றுகொண்டே போகும். உடனே, நிறுத்தாமல் கழுவ வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பார்வைக்கு ஆபத்து.

கிழவி நிமிர்ந்து சிநேகிதரின் வெள்ளைப் பீரங்கியைப் பார்த்தாள். "ஏன் சாமி, அம்மாம் பெரிய கண்ணாடியில உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பையனை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சிநேகிதர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு இருந்தன. இப்போது பார்த்தால், ஆகாயத்தை நோக்கி நீண்ட கை தெய்வத்தைக் கூப்பிடவில்லை. துழாவிக்கொண்டிருந்தது. யாராவது கையைப் பிடிக்க மாட்டார்களா என்று. உதடு நடுங்கவில்லை, தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. படம் ஒரு மயிரிழைகூடப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

இந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. அது முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவருகிறபோது, முகத்தைச் சுற்றியுள்ள யாவற்றையும் வெட்டித் தள்ளிவிடுகிறது. பந்து போடுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவே 22 கஜம் இருக்கிறது. நீண்ட லென்ஸில் எடுத்தால் இருவரும் கை குலுக்கப் போகிறவர்கள்போல் ஒட்டி நிற்பார்கள். சத்தம் வராது. சுண்ணாம்பு நெடி வராது. கிழவிக்கு இவையெல்லாம் இருந்தன. எங்களுக்கு இருந்தது கிட்டத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு ஒன்றுதான். நாற்பது கஜம் தள்ளி நிற்கிறோம் என்ற ஞாபகம் இருந்திருந்தால், என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்திருப்போம். முகம் மூன்று கஜத்தில் இருந்தபடியால் போகத் தோன்றவில்லை.

சிநேகிதரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவராவது லென்ஸை விலை கொடுத்து வாங்கினார். என்னுடையது இலவசம். பல வருஷங்களுக்கு முன், பக்கத்து வீட்டில் இருந்த தூரத்து உறவு அத்தை ஒருத்தியை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து ஒரு கதை எழுதினேன். பாலிய விதவை. ஊரெல்லாம் அந்தக் கதையைப் பாராட்டிற்று. படித்துவிட்டு அழுததாக எத்தனையோ பேர் கடிதம் போட்டார்கள். அத்தைக்கும் யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏண்டா, நடுவிலே ஒரு சுவர்தானே? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள். கதையில் எது தப்பு, எது சரி என்று அவள் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்றைக்கும் தைரியமில்லை. பிறகு அவள் போய்விட்டாள்.

ஒன்று சொல்லவேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பதே பாவம் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. கிட்ட இருப்பவர்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங்கை அவுட் என்று கையை உயர்த்தினார் அம்பயர் விக்ரம்ராஜு. ஆட்டம் சமமாக முடிந்தது. பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொன்னார். அவுட்தான் என்று அம்பயர் சொன்னார். இருவருக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய ஆடுகளத்தின் நீளந்தான். அதற்காக அம்பயர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? பார்த்ததை வைத்து ஏதோ சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் சொன்னார், அந்தப் பழியையும் காலமெல்லாம் சுமந்தார். எழுதுகிறவனும் படம் எடுக்கிறவனும் தாங்கள் சொன்னதற்கு எதைச் சுமக்கிறார்கள் என்று யோசித்தால், எனக்குச் சிநேகிதரின் தாழ்ந்த தோளைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

படத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதா என்று அவர் என்னைக் கேட்டார். பையனைக் கேட்போம் என்றேன். பத்து நாள் கழித்து மறுபடியும் விக்கிரமங்கலத்துக்குப் போனோம். கண் பிழைத்துவிட்டது. சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தான். வெளிச்சத்தைப் பார்த்தால் இன்னும் கூசுகிறது என்றான். முறுக்குக் கிழவி அவனுக்கு உறவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சிநேகிதர் பெரிதாக அச்சுப் போட்ட படத்தை நீட்டினார். இதை வெளியிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பையன் அதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"மூஞ்சி நல்லா வந்திருக்குங்க. என் இடது கை எங்கே?"

"இடது கையா?"

"கோட்டைத் தொட்ட கைங்க. தொடலைன்னு சொல்லிட்டாங்க. கோட்டுச் சுண்ணாம்பு என் கண்ணுக்குள்ள போயிருக்கு. தொடாம எப்படிங்க போகும்? நடுவர்கிட்ட சொன்னா, தூள் எல்லாப் பக்கமுந்தான் பறந்துதுங்கிறாரு. உங்க படத்துல பார்த்தாத் தெரிஞ்சிடும்னு பத்து நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சிநேகிதர் பையைத் திறந்து முப்பத்திரண்டு படங்களையும் திண்ணையில் பரப்பினார். மூன்று பேரும் குனிந்து தேடினோம். எல்லாவற்றிலும் முகம் இருந்தது.