தெரிந்தே போட்ட பிழை

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்களிடையே நெடுங்காலமாக ஒரு கதை உலவுகிறது. துண்டுத் துணிகளை இணைத்து மேல்விரிப்பாக்கி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு என்று மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டித் தைக்கும் கனத்த போர்வைதான் குவில்ட். பக்தியுள்ள பெண்கள் அதைத் தைக்கும்போது ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே தவறாக வைப்பார்களாம். ஒரு முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள், அல்லது ஒரு துண்டை வேறு நிறத்தில் வைப்பார்கள். குறையில்லாத படைப்பு கடவுளுக்கு மட்டுமே உரியது, மனிதர் அதற்கு ஆசைப்படக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் கட்டத்துக்குப் ‘பணிவுக் கட்டம்’ என்று பெயர். பெரும்பாலும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் மேல் ஏற்றிச் சொல்லப்படும் இதே கதை, ஆளை மாற்றிப் பாரசீகக் கம்பளத்துக்கும் சொல்லப்படுகிறது. எதிலும் குறை வந்துவிடக்கூடாதே என்று தவித்துக் கிடப்பவர்களுக்கு இது இதமான கதை. கடவுளே ஒரு பிழைக்கு அனுமதி தந்துவிட்டார் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது.

கதைக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்பதே குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பலரின் முடிவு. பழைய போர்வைகளில் திரும்பிக் கிடக்கும் கட்டங்கள் உண்டு. விளக்கு வெளிச்சம், அலுத்த கண், தீர்ந்துபோன துணி ஆகியவையே அவற்றை விளக்கப் போதும். சான்று கிடைத்திருந்தாலும் சிக்கல் தீராது. ஒரு பிழையை வேண்டுமென்றே வைப்பவர், மற்ற எல்லாக் கட்டங்களும் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன என்று நம்பினால்தான் அதை வைக்க முடியும். தான் நினைத்திருந்தால் கடவுளுக்கு நிகராகச் செய்திருக்கலாம், பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தேன் என்பதுதான் அதன் உட்பொருள். இது பணிவின் வேடம் போட்ட கர்வம். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ நெசவாளர்கள் சில விரிப்புகளில் கரையைக் குறுக்கிட்டு வெளியே ஓடும்படி ஒரு மெல்லிய கோட்டை விடுவதுண்டு. அதையும் ‘வேண்டுமென்றே செய்த குறை’ என்று வெளியார் எழுதிவிட்டார்கள். நெய்தவளின் மனம் அந்த விரிப்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போக வேண்டும், அதற்கான வழி அது. அங்கே குறை என்ற பேச்சே இல்லை. வேலையிலிருந்து விடுபடுவதைப் பற்றிய பேச்சுதான் இருக்கிறது. குறையின்மைப் பிடிவாதத்திலிருந்து எப்படி விடுபடுவது என்ற கேள்விக்குப் பணிவுக் கட்டத்தைவிட அந்தக் கோடுதான் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

எதிலும் குறையே கூடாது என்ற பிடிவாதம் என்ன செய்கிறது என்பது தையலுக்குள் நின்று பார்த்தால் தெளிவாகும். இரண்டு துண்டுகளை இணைக்க ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பது அமெரிக்க வழக்கம். அந்தக் கால் அங்குலத்தில் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே புலப்படாத பிசகு. ஆனால் இரண்டு துண்டுகளும் அந்த அளவை இழப்பதால் ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் போய்விடும். எட்டாவது தையலில் வரிசையே ஓர் அங்குலம் குறைந்து, பக்கத்து வரிசையோடு மூலை சேராது. போதாக்குறைக்கு, சாய்வாக வெட்டிய துணி கைபட்டாலே இழுபடும். கவனத்தைக் கூட்டினால் பிசகு குறையும், இல்லாமல் போகாது. தேர்ந்தவள் இந்த இடத்தில் குறைந்த வரிசையைச் சற்று இழுத்துக்கொடுத்து, மிஞ்சியதை உள்ளே அடக்கிச் சேர்த்துவிட்டு மேலே போகிறாள். ஆனால் ஒன்றில் அவள் விட்டுக்கொடுப்பதில்லை. ஊசி மூன்று அடுக்கையும் பிடித்தாக வேண்டும், தையல் வரிகள் நெருக்கமாக ஓடியாக வேண்டும். இடைவெளி அதிகமானால் துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து அங்கங்கே கட்டிதட்டி, போர்வை போர்வையாக இருக்காது. ஆக, போர்த்திக்கொள்பவருக்குக் குளிரும்படி செய்யும் பிழை ஒன்று, தைத்தவளின் கண்ணை மட்டும் உறுத்தும் பிழை இன்னொன்று. குறையின்மைப் பிடிவாதத்துக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். அது தரத்தின் மேல் உள்ள அக்கறை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அதன் கண் போர்வையின் மேல் இல்லை, போர்வையைப் பார்த்துப் பிறர் தன்னை என்ன நினைப்பார்கள் என்பதன் மேல்தான் இருக்கிறது. அதனால்தான் இதை வெறும் பழக்கவழக்கப் பிரச்சினையாக விடாமல் சமயக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை யாருக்காக என்பதுதான் அந்தக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நூலால் பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டிருக்கும் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர் அது. தோட்ட முதலாளியின் பெயரான பெட்வே இன்றும் பல குடும்பங்களின் பெயராக நிற்கிறது. அங்குள்ள பெண்கள் வயலில் கிழிந்துபோன வேலை உடுப்புகளைப் பிரித்துப் போர்வை தைத்தார்கள். முழங்கால் வெளுத்த டெனிம், சட்டையின் முதுகு, மாவு மூட்டைத் துணி எல்லாம் அதில் சேர்ந்தன. பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாமல் இருந்த நீலம் கருத்த சதுரமாகத் தெரியும். அதை மறைக்கவில்லை, அப்படியே வைத்துத் தைத்தார்கள். ‘ஹவுஸ்டாப்’ என்று அவர்கள் அழைக்கும் வடிவத்தில் சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகப் பட்டைகள் வரும். பட்டையின் அகலம் துணி இருந்தபடி இருக்கும், கோடு சாயும். சாய்ந்த கோட்டுக்கு ஈடாக அடுத்த பட்டை வேறு பக்கம் சாயும். மேல்விரிப்பைப் பெரும்பாலும் அவரவர் தனியே இணைத்தார்கள். பஞ்சு வைத்து நூலோட்டும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டு சேர்ந்து தைத்தார்கள். இந்த இரண்டாம் கட்டம்தான் முக்கியம். நாலு பேர் ஊசி போட்டால் நாலு நீளத்தில் தையல் விழும். பக்கத்து வீட்டுக்காரியின் தையலைப் பிரித்து மறுபடி போட நினைப்பவளுக்கு அந்தச் சட்டத்தில் உட்கார இடமில்லை. அவர்களுடைய பாப்டிஸ்டு சபை போதிக்கும் அருள் என்பதும் இதுதானே. பிறருடைய கோணலை ஏற்பதும், தன் கோணல் ஏற்கப்படுவதும் அங்கே ஒரே செயலாக நடந்தன.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு, அதை மழுப்ப முடியாது. அந்தப் பெண்கள் குறையின்மையைத் துறக்கவில்லை, அவர்களிடம் நேரமும் துணியும் இல்லை என்பது அது. ஊருக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்தபின், 1932-இல் அவர் குடும்பத்தார் வந்து கருவிகள், கால்நடைகள், தானியம் என எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். 1960-களில் மக்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பியபோது ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006-இல்தான். இத்தனை அநியாயத்தின் நடுவே தைத்த போர்வையை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டு, கோணலின் அழகை வசதியானவர்கள் வியப்பது வறுமையை ரசிப்பது ஆகாதா? ஆகும், போர்வையை மட்டும் பார்த்துவிட்டு வரலாற்றை விட்டால். ஆனால் இந்த மறுப்பு அந்தப் பெண்களின் தேர்வையும் சேர்த்து அழித்துவிடுகிறது. 1966-இல் அந்த வட்டாரத்தில் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு தொடங்கியது. பெருநகரக் கடைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும் போர்வைகளைக் கேட்டன. கூலிக்கு அதையும் செய்தார்கள், அளவு பிசகாமல் செய்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்குப் போனது. அந்தப் புதுத் துணியில், ஒரே மாதிரி தைக்கப் பழகிய அதே கைகள் தங்கள் வீட்டுக்கென்று தைத்தவை சாய்ந்த பட்டைகளும் எதிர்பாராத நிறங்களுமாகவே வந்தன. வறுமை அவர்களுக்குத் துணியை மறுத்தது. வடிவத்தை அவர்கள் தாங்களே முடிவுசெய்தார்கள்.

வறுமையால் அல்லாமல் விதியாகவே துண்டு சேர்த்துத் தைத்த துணியை ஏற்ற மரபு ஜீஸ் பெண்டைவிட மிகப் பழையது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில், புத்தர் மகத நாட்டு வயல்களைப் பார்த்து, வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகக் கிடக்கும் அதே அமைப்பில் துறவிகளுக்கு ஆடை தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் தைத்துக் காட்டுகிறார். வெட்டித் தைத்த துணி துறவிக்குப் பொருத்தமானது, பிறர் கவர்ந்துபோக ஆசைப்படாதது என்கிறார் புத்தர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தானமாக முழுத்துணி வந்தாலும் அதை வெட்டித்தான் தைக்க வேண்டும். நல்ல துணியில் கத்திரி வைக்க மனம் வராமல் பெட்டியிலேயே பூட்டி வைப்பது தையல்காரர் எல்லோருக்கும் தெரிந்த நோய். விநயம் அந்த இடத்திலேயே கை வைக்கிறது. அதே சமயம் ஆடையின் ஒவ்வொரு பட்டைக்கும் அதில் தனித்தனிப் பெயர் உண்டு, அமைப்பு உண்டு. ஏனோதானோ என்று தைத்ததல்ல. மழைக்கால வாசம் முடிந்து நடக்கும் ‘கடினம்’ எனப்படும் சடங்கில் (இலங்கையில் கட்டின பூஜை என்பார்கள்) துணியைத் துவைத்து வெட்டித் தைத்துச் சாயமேற்றி ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்பது மூல விதி. மூத்த துறவியும் ஊசி எடுக்க வேண்டும். பல கைகள், ஒரே நாள், வெட்டிய துணி. பாப்டிஸ்டுப் பெண்களுக்கும் பிக்குகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாதிருந்தும் இருவரிடமும் இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றாக அமைந்திருப்பது என்னை அசைக்கிறது. தன்னைக் காட்டிக்கொள்ள இடமே இல்லாதபடி வேலையை அமைத்துவிட்டார்கள். தெரிந்தே ஒரு பிழையை வைக்கவேண்டிய அவசியமே அங்கு எழவில்லை.

பக்தியுள்ளவர் இன்னொன்று கேட்கலாம். கடவுளுக்கென்று செய்வது குறையில்லாமல்தானே இருக்க வேண்டும்? பழுதற்ற கடாவைத்தான் பலிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியராகமம். பின்னமான சிலைக்குப் பூசை இல்லை என்கின்றன நம் ஆகமங்கள். மலைப்பொழிவில் இயேசுவே, விண்ணகத் தந்தையைப் போலக் குறைவற்றவர்களாக இருக்கச் சொல்கிறார். இவற்றைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. இயேசு அதைச் சொல்லும் இடத்தைப் பார்த்தால் போதும். நல்லவர் தீயவர் என்று பாராமல் வெயிலும் மழையும் தருகிறவரைப் பின்பற்றிப் பகைவரையும் நேசியுங்கள் என்ற பேச்சின் முடிவில் அது வருகிறது. அங்கே கேட்கப்படும் நிறைவு அன்பில்தான், கைவேலையில் அல்ல. கண்ணப்பர் வரலாறு இன்னும் கூர்மையானது. வாயில் சுமந்து வந்த நீரையும் கடித்துச் சுவைத்த இறைச்சியையும் சிவனுக்குப் படைத்தவர் அவர். ஆகமம் அறிந்த சிவகோசரியாருக்கு அது அநாசாரமாகத் தெரிகிறது. ஆனால் கண்ணப்பர் அசட்டையாகவா படைத்தார்? எது பக்குவமாக வெந்தது என்று ஒவ்வொரு துண்டையும் கடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவருடைய கவனத்தில் குறையில்லை, அது முழுக்க உண்பவர் பக்கம் திரும்பியிருந்தது. கீதையின் கடைசி அத்தியாயத்தில், நெருப்பைப் புகை சூழ்ந்திருப்பதுபோல் எல்லாத் தொழிலையும் குற்றம் சூழ்ந்திருக்கிறது, அதனால் தனக்குரிய தொழிலை விட்டுவிடாதே என்கிறார் கிருஷ்ணர். குற்றம் வந்துவிடும் என்று அஞ்சி வேலையையே தொடாமல் இருப்பவருக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

பிடிவாதம் போனால் கைத்திறன் சரிந்துவிடாதா என்ற அச்சம் மிஞ்சுகிறது. அறுவைசிகிச்சை செய்பவரிடமும் பாலம் கட்டுபவரிடமும் கோணலை யார் பொறுப்பார்கள்? யாரும் பொறுக்கக்கூடாது. அங்கே பிழை பயன்படுத்துபவரின் உயிரைத் தொடுகிறது, பஞ்சைப் பிடிக்காத தையலைப் போல. ஆனால் நல்ல மருத்துவர்கூட வெட்டிய இடத்தை அழகு பார்த்து மறுபடி மறுபடி பிரித்துத் தைப்பதில்லை. நோயாளியை எவ்வளவு சீக்கிரம் மேசையிலிருந்து இறக்கலாம் என்பதும் அவர் திறமையில் அடக்கம். ஜீஸ் பெண்டிலும் மதிப்பீடு செத்துப்போகவில்லை. துவைத்த போர்வைகள் வேலியிலும் கொடியிலும் காய்ந்தபோது வழியில் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள், எது நன்றாக வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பிடித்த வடிவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டில் இருந்த துணிக்கு ஏற்றபடி மாற்றித் தைத்தார்கள். இறந்த கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து அந்த ஊரின் மிசூரி பெட்வே 1942-இல் தைத்த போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து அந்த உடுப்புகளைக் கிழித்துக் கொடுத்த பதின்வயது மகள் ஆர்லான்சியாவும் பின்னாளில் பெயர்பெற்ற குவில்ட் கலைஞர் ஆனார்.