முள்முடியும் கோமாளித் தொப்பியும்

அப்பா சங்குகுளிக்காரர். 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பிலும் முங்கியவர். சினிமாக் கொட்டகையில் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டார். திரையில், கழுத்தில் சிலுவை தொங்கும் ஒருவன் சாராயம் குடித்து, கொச்சைத் தமிழ் உளறி, சாக்கடையில் விழுந்தான். கூட்டம் அதிர்ந்தது. "நம்மளத்தான்ல காட்டுதான்" என்றார்.

விழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது பாவமா? இயேசு அழுததைச் சுவிசேஷம் சொல்கிறது. சிரித்ததாக ஓரிடத்திலும் இல்லை. சிரித்தவர்கள் சிப்பாய்கள். சிவப்பு அங்கி, முள்முடி, கையில் நாணல். ஒருவருக்கு வேஷம் கட்டி, தலையில் அடித்து, முழந்தாளிட்டுக் கேலி. நம் காமெடியில் கறுத்தவனும் குண்டனும் வாங்குகிற உதைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

நகைச்சுவை நடிகர் சந்திரபாபு 1927இல் எங்கள் தூத்துக்குடியில் பிறந்தவர். இயற்பெயரில் பனிமய மாதாவின் பெயரைத் தாங்கிய பரதவர் வீட்டுப் பிள்ளை. 'சபாஷ் மீனா'வில் (1958) ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். அவர் விழுந்தால் நோவு அவர் எலும்புக்குத்தானே, அது கேலியாகாது என்று வாதாடலாம். நானும் நெடுங்காலம் வாதாடினேன். ஆனால் எந்த ரிக்‌ஷாக்காரரிடமும் வலித்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் படத்துக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிலுவை திரைக்கு வந்த பிறகுதான் அவருக்கு வலித்தது.

அடுத்தமுறை கொட்டகை அதிரும்போது, பக்கத்து இருக்கையையும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.