அடைக்கலமும் கடனும்: மலையகச் சிறுவரின் உளநலம் குறித்து

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதற்கு மாதரி எவ்வகையிலும் காரணமானவள் அல்லள். ஆயினும் அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போயிற்றே என்று அவள் தீயிற் புகுந்தாள். அம்முடிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. அதன் பின்னின்ற அறவுணர்வோ கூர்ந்து நோக்கத்தக்கது. மனிதர்பால் நாம் காட்டும் பொதுவான இரக்கம் வேறு. ஒருவரைப் பொறுப்பேற்றபின் அவருக்குப் படும் கடன் வேறு.

பாதுகாப்பு வேண்டிநிற்கும் பிள்ளையைத் தகுதியுள்ள ஓர் ஆளிடம் ஒப்படைக்கும் அதிகாரத்தை இலங்கையின் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் நீதிமன்றுக்கு அளித்தது. தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குச் சென்றிருக்க, லயத்திலே அடிக்கோ அதனினும் கொடிய வன்முறைக்கோ ஆளான பிள்ளையொன்று சிறுவர் இல்லத்தைச் சேரும்போது, அரசு பெற்றோரின் இடத்தை ஏற்கிறது. அங்கு சோறும் உடையும் பள்ளியும் கிடைக்கலாம். இரவில் அலறி விழிக்கின்ற, அல்லது பேச்சையே விட்டுவிட்ட பிள்ளையை யார் கவனிப்பது?

நாடு முழுவதற்குமே சிறுவர் உளமருத்துவர் மிகச் சிலரே. நுவரெலியாவுக்கு மட்டும் தனிச்சலுகையா என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. எனினும் பற்றாக்குறை என்ற நியாயம் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான பங்கீட்டில் எடுபடலாம். பிள்ளையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டவர் அதனை அதே குரலிற் கூறவியலாது.

மேலும், சமத்துவம் என்பது எதிற் சமத்துவம் என்று அமர்த்தியா சென் 1979இல் எழுப்பிய வினா இங்கு பெரிதும் பொருந்தும். முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்தியருக்கு நோயாளியின் மொழி ஓரளவே வேண்டும். உளக்காயத்திலோ மொழியே கருவி. தன் அவமானத்தைத் தமிழில்கூடச் சொல்லத் துணியாத பத்து வயதுப் பிள்ளை, மூன்றாமவர் மொழிபெயர்க்க எதைச் சொல்லும்? நுவரெலியா மாவட்ட மக்களுட் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழராயிருந்தும், தமிழ் பேசும் அலுவலர் குறைவு என்பது பழைய முறைப்பாடு. தோட்டத்துக் கோடங்கியை நாம் எளிதில் எள்ளிவிடுகிறோம். அவன் பிள்ளையின் மொழியிலாவது பேசுகிறான்.

இந்நிலை தற்செயலன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இலவச மருத்துவம் நாடெங்கும் பரவிய காலத்தும் தோட்ட வைத்தியம் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. 1990களிலேதான் தோட்ட மருத்துவமனைகளை அரசு சுகாதாரத் துறை படிப்படியாக ஏற்கத் தொடங்கியது.

இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரை, கொடுமைக்குள்ளான பிள்ளையின் உளமீட்சியையும் அரசின் கடமையாக்குகிறது. கொழும்புச் சிறுவர் வைத்தியசாலையின் கதவு எப்பிள்ளைக்கும் மூடப்பட்டதன்று. ஆனால் அட்டனிலுள்ள இல்லமொன்றின் பராமரிப்பாளர், ஏனைய பிள்ளைகளை எவரிடமேனும் விட்டு, ஒரு பிள்ளையுடன் விடியுமுன் பேருந்தேறி அக்கதவை அடையவேண்டும். அடுத்த மாதமும் அவ்வாறே செல்லவேண்டும்.